வேலை இல்லாத சிறுத்தை

போன மாதம் அக்கா போன் பண்ணினாள். "டேய், உங்க மாமாவை எங்கேயாவது நாலு நாள் கூட்டிட்டுப் போயேன். வீட்டுக்குள்ள நடந்து நடந்து மொசைக் தரை தேய்ஞ்சு போச்சு."

மாமா ஒரு நூற்பாலையில் முப்பத்தாறு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். மில்லில் ஏதாவது ஒரு மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், தூக்கத்தில் இருந்தாலும் எழுந்துவிடுவாராம். இப்போது எட்டு மாதமாக அவரை எழுப்ப எந்த மெஷினும் இல்லை. காலையில் காபி, பேப்பர். அப்புறம் நடை. வாசல் கேட்டிலிருந்து பின்கட்டுத் துளசி மாடம் வரை பதினாலு அடி. துளசி மாடத்தில் வலது பக்கமாகத் திரும்புவார், கேட்டில் இடது பக்கமாக. இது மாறவே மாறாது. அந்த இரண்டு இடத்திலும் மிதியடியின் ஓரம் மட்டும் நைந்து போயிருக்கிறது.

"ஷுகருக்கு நல்லதுதானே?" என்றேன்.

"டாக்டர் சொல்லி மொட்டை மாடியில எட்டு போட்டு நடக்கறது வேற. இவரு நடக்கறது அப்படி இல்லடா. பக்கத்துல போய் 'என்னங்க'ன்னாகூடக் காதுல விழாது."

அதனால்தான் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வரிசையாகத் துளைத்தானாம். புறநானூற்றில் வன்பரணர் சாட்சி சொல்கிறார். (ஐந்தும் ஒரே நேர்க்கோட்டில் எப்படி வந்து நின்றன என்று மாமா கேட்டார். மெக்கானிக் புத்தி!)

நாமக்கல்லில் டாக்ஸி பிடித்து, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுப்பவர்கள் 'நான் இருபத்திரண்டில்', 'நான் முப்பத்தஞ்சில்' என்று பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொள்ள வசதி.

ஏதோ ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினோம். சுவர் மேல் ஒரு இருபது குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

"பிஸ்கட் கிஸ்கட் போட்றாதீங்கக்கா" என்றார் டிரைவர் தம்பி. "இதுக எல்லாம் காட்டுக்குள்ளயே போறதில்லீங்க. வண்டிச் சத்தம் கேட்டா ரோட்டுக்கு வந்து உக்காந்துக்குமுங்க."

"பாவம், வாயில்லா ஜீவன்" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஜீவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் மடியிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாய் இருந்தது. அதாலேயே பாக்கெட்டைப் பிரித்தது. நான் பல், நகம், கத்தரிக்கோல் எல்லாம் உபயோகித்துப் பிரிக்கிற அதே பாக்கெட், இரண்டே வினாடி. தின்று முடித்து, கவரை மலைச் சரிவில் வீசிவிட்டு (அதுவும் நம்மிடம் கற்றுக்கொண்டதுதான்) மறுபடி சுவரில் போய் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தது. அடுத்த வண்டி வர அரை மணி ஆகலாம். அதுவரை அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்றின் வாலை ஒன்று இழுத்து அடித்துக்கொண்டன. பெரியது ஒன்று சின்னதைக் கடித்தது.

மறுநாள் அறப்பளீஸ்வரர் கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படிகள். இருநூறு சொச்சத்தில் என் முழங்கால் ராஜினாமா கடிதம் கொடுத்தது. 'நீங்க போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அதனால்தான் அந்த இன்னொரு குரங்கைப் பார்க்க முடிந்தது.

படியிலிருந்து விலகி, சரிவில் ஒரு தாய்க்குரங்கும் குட்டியும். என்னை அது சட்டை பண்ணவில்லை. காய்ந்த இலையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. சுருண்டிருந்த ஒரு இலையை மெதுவாகப் பிரித்தது. உள்ளே இருந்த எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. ஒரு மரப்பட்டையைப் பெயர்த்தது, முகர்ந்தது, வேண்டாம் என்று விட்டது. கொஞ்சம் மேலே ஏறி ஏதோ பிஞ்சுகளைப் பறித்துக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டது. குட்டி அடிக்கடி தாயின் வாய்க்கு அருகே மூக்கை வைத்து மோப்பம் பிடித்தது. எது சாப்பாடு, எது இல்லை என்று பாடம். அரை மணி நேரத்தில் அது தின்றது ஒரு டீஸ்பூன் தேறாது. ஆனால் அந்த அரை மணியில் ஒரு வினாடிகூட அது சும்மா இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்த அந்த அரை மணி நேரத்தைத்தான் உலகம் முழுக்க ஜூக்காரர்கள் காசு செலவழித்துச் செயற்கையாகத் தயார் பண்ணப் பார்க்கிறார்கள். அதற்கு 'என்ரிச்மென்ட்' என்று பேர். தமிழில் சூழல் செறிவூட்டல் என்கிறார்கள். ரேஷன் கடையில் செறிவூட்டிய அரிசி போடுகிறார்களே, அந்தச் செறிவூட்டல்தான். இங்கே சேர்ப்பது இரும்புச் சத்து இல்லை, வேலை.

அன்று ராத்திரி செம்மேட்டில் நாங்கள் தங்கியிருந்த நாலு ரூம் லாட்ஜில் நல்ல குளிர். அக்கா மப்ளருக்குள் இருந்து கண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வராந்தாவில் மாமா நடக்க ஆரம்பித்திருந்தார். பதினோரு அடி. திரும்பினார். பதினோரு அடி. இத்தனை வளைவு ஏறி வந்தும் நடை கூடவே வந்துவிட்டது.

"பாரு" என்றாள் அக்கா.

எனக்குச் சின்ன வயதில் பார்த்த ஒரு சிறுத்தை ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு ஊர் மிருகக் காட்சிசாலை (பேர் வேண்டாம்). சிமென்ட் தரை, முன்னால் கம்பி. அது கம்பியை ஒட்டியே நடந்தது. மூலையில் தலையை ஒரு சுழற்று, திரும்பு, மறுபடி நட. ஒவ்வொரு தடவையும் முன்னங்கால் அதே இடத்தில். சிமென்டில் அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. 'எவ்வளவு சுறுசுறுப்பு பாரு' என்று அப்பா தூக்கிக் காட்டினார். கூட்டமும் அதன் முன்னால்தான் ஜாஸ்தி. சும்மா படுத்திருந்த சிங்கத்தை யாரும் சீந்தவில்லை.

அது சுறுசுறுப்பு இல்லை. ஒரே மாதிரி, ஒரு நோக்கமும் இல்லாமல், திரும்பத் திரும்பச் செய்கிற இந்தச் சேஷ்டைக்கு விலங்கியலில் தனிப் பெயரே உண்டு. காட்டில் இருக்கிற சிறுத்தையிடம் இதைப் பார்க்க முடியாது. அவந்தி மல்லாபூர், ரவி செல்லம் முதலானவர்கள் தென்னிந்தியாவின் நான்கு ஜூக்களில் சிறுத்தைகளைக் கவனித்து 2002-ல் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். கூண்டின் பரப்பு முழுவதையும் சிறுத்தை ஒரே மாதிரி உபயோகிப்பதில்லை என்று தெரிந்தது. இந்த வெட்டி நடை எல்லாம் விளிம்பை ஒட்டித்தான். ஓய்வெடுக்கப் பின்பக்கம். ஆகவே 'எத்தனை சதுர அடி?' என்பதோடு கேள்வி முடியவில்லை. அந்தச் சதுர அடிக்குள் ஏறுவதற்கு, ஒளிவதற்கு, முகர்வதற்கு, தேடுவதற்கு என்ன இருக்கிறது?

"இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா?" என்றாள் அக்கா, வராந்தாவைப் பார்த்தபடி.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஜூவில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 1994 வாக்கில் அது தன் குளத்தில் எட்டு போட்டு நீந்த ஆரம்பித்தது. நாள் முழுக்க, மணிக்கணக்கில், அதே எட்டு. பத்திரிகைகளில் செய்தி வந்து, 'மனநோய்க் கரடி' என்று ஊரே பேச, கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு மிருக மனோதத்துவ நிபுணரை வரவழைத்தார்கள். ஃபீஸ் 25,000 டாலர் என்று செய்தி. அவர் கண்டுபிடித்த நோய்: போரடிக்கிறது. மருந்து: மீனை முன்னால் வைக்காதே, ஐஸ் கட்டிக்குள் உறைய வைத்துக் கொடு, உடைத்துத் தின்னட்டும். விளையாட்டுச் சாமான்களில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிப் போடு, நக்கி நக்கி எடுக்கட்டும். தீனியை ஒளித்து வை, தேடட்டும். கஸ் நீந்துவது குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. 2013-ல் செத்துப்போகும்வரை அவ்வப்போது எட்டு போட்டுக்கொண்டுதான் இருந்தது.

அக்கா நியாயமான கேள்வி ஒன்று கேட்டாள். "சும்மா கிடைக்கிற சாப்பாட்டை விட்டுட்டு எந்த மிருகமாவது கஷ்டப்பட்டுத் தேடித் தின்னுமா?"

தின்னும். 1963-ல் ஜென்சன் என்ற மனோதத்துவக்காரர் எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார். கூண்டுக்குள் ஒரு கிண்ணம் நிறையத் தீனி. பக்கத்தில் ஒரு நெம்புகோல், அமுக்கினால் அதே தீனி விழும். எலி என்ன செய்யும்? கிண்ணம் அப்படியே இருக்க, நெம்புகோலை அமுக்கி அமுக்கித் தின்றது! அதற்குப் பிறகு கோழி, புறா, கிளி, குரங்கு, கரடி என்று பலவற்றிடமும் இந்தக் குணத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒரே ஒரு பிராணிதான் பிடிவாதமாக இலவசத்தை விடவில்லை: வீட்டுப் பூனை. கலிஃபோர்னியாவில் 2021-ல் சோதித்தபோது, தட்டில் வைத்ததைத்தான் பெரும்பாலும் தின்றதாம். பூனை வளர்ப்பவர்கள் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை என்பார்கள்.

வேலை என்றால் சாப்பாட்டு வேலை மட்டும் இல்லை. வாசனையும் வேலைதான். நியூயார்க்கிலேயே பிராங்க்ஸ் ஜூவில் வேங்கைக்கும் சிவிங்கிப்புலிக்கும் பட்டை, லவங்கம், செண்ட் என்று தெளித்துப் பார்த்தார்கள். 2003-ல் இருபத்துநாலு வகை செண்டுகளைச் சிவிங்கிப்புலிகளுக்கு முன்னால் வைத்ததில் 'அப்செஷன்' என்கிற ஆண்களுக்கான செண்ட் முதல் பரிசு வாங்கியது. முகர்ந்தன, கன்னத்தைத் தேய்த்தன, போகவே மனசில்லை. இந்த விஷயம் பரவி, 2018-ல் மகாராஷ்டிராவில் யவத்மால் பக்கம் அவ்னி என்கிற ஆட்கொல்லிப் பெண் புலியைத் தேடியபோது வனத் துறை அதே செண்டைத் தெளித்துக் காத்திருந்தது. கல்யாணத்துக்குப் போகும்போது என்ன தெளித்துக்கொள்கிறீர்கள் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

நம் ஊருக்கு வருவோம். இந்தக் கொல்லிமலைக் காட்டிலேயே கரடி உண்டு. அதன் ஒரு நாளைப் பாருங்கள். கரையான் புற்றைத் தேட வேண்டும். மூன்று அங்குல நகத்தால் இடிக்க வேண்டும். உள்ளே மண் போகாமல் மூக்குத் துவாரத்தை இழுத்து மூடிக்கொண்டு, மேல் வரிசையில் இரண்டு முன்பற்கள் இல்லாத அந்தச் சந்தின் வழியாகக் கரையானை உறிஞ்ச வேண்டும். வாக்குவம் க்ளீனர் மாதிரி அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பால்கூடக் கேட்கும். அப்புறம் தேனடை. அப்புறம் பலா பழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாக்கு, நகம், மூக்கு, பல் எல்லாமே இந்த உத்தியோகத்துக்காகவே செய்து கொடுத்த டூல்ஸ். இப்போது அந்தக் கரடியை ஒரு கூண்டில் வைத்துக் காலை பத்து மணிக்கு ஒரு தட்டில் கஞ்சி ஊற்றுங்கள். ஐந்து நிமிஷத்தில் நக்கிவிடும். மிச்சம் இருபத்துமூணு மணி ஐம்பத்தஞ்சு நிமிஷத்துக்கு அத்தனை டூல்ஸையும் வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

தலையை ஆட்டும்.

மூக்கில் கயிறு கோத்துத் தெருவில் ஆடவைத்த கரடிகளில் கடைசியானதை 2009 டிசம்பரில் மீட்டார்கள். அப்படி மீட்டவற்றைப் பெங்களூர் பக்கம் பன்னர்கட்டாவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே கட்டையில் துளை போட்டு உள்ளே தேனைத் தடவி வைக்கிறார்கள். நம் வண்டலூரில் கோடை வந்தால் கரடிக்குப் பழத்தை ஐஸ் கட்டிக்குள் வைத்துக் கொடுப்பது பேப்பரில் படத்தோடு வரும். வெயிலுக்கு இதமாக என்று கீழே போட்டிருப்பார்கள். இதம்தான். ஆனால் கரடிக்கு அதைவிடப் பெரிய லாபம், அந்த ஐஸ் கட்டியை உருட்டி, நகத்தால் கீறி, பழத்தை வெளியே கொண்டுவர ஆகிற நேரம்.

இதுவரை அக்கா சுவாரசியமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டேன்.

"உங்க ஊர்க் கோயில் யானை எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு. வெள்ளிக்கிழமை போனா எனக்கு ஆசீர்வாதம் பண்ணாம விடாது. நாதஸ்வரம் வாசிச்சா என்னமா ஆடும் தெரியுமா! இந்தக் கால்லேருந்து அந்தக் காலுக்கு, தலையை ஆட்டி ஆட்டி... தாளம் தப்பாது."

"நாதஸ்வரம் இல்லாதப்போ?"

"அப்பவும் ஆடும். அதுக்குப் பழக்கம்."

"ராத்திரி, நடை சாத்தினப்புறம்?"

அக்கா யோசித்தாள். ஒருமுறை அர்த்தஜாம பூஜை முடிந்து வெளியே வந்தபோது பார்த்திருக்கிறாளாம். கொட்டாரத்தில் விளக்கு அணைத்தாகிவிட்டது. யாரும் இல்லை. சங்கிலிச் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"...ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

நானும் ரொம்ப வருஷம் அதை நாட்டியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டு யானை ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட மேய்ந்துகொண்டே நடக்கும். கிளையை ஒடி, பட்டையை உரி, புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறு, தண்ணீர் எங்கே என்று மோப்பம் பிடி, அக்கா தங்கை சித்தியோடு போ. இத்தனையையும் எடுத்துவிட்டுக் கருங்கல் தரையில் ஒரு காலில் சங்கிலி போட்டு நிற்க வைத்தால், நடக்க முடியாத நடை உடம்புக்குள்ளேயே சுற்றுகிறது. முன்னும் பின்னும், இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும். பாகன் எவ்வளவு பிரியமாக வைத்துக்கொண்டாலும் சரி. பிரியம் வேறு, வேலை வேறு.

இதைச் சரி பண்ண நம் ஊரிலேயே முயற்சிகள் நடந்தன. 2003-ல் முதுமலையில் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் ஆரம்பித்தார்கள். பிற்பாடு மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில். நாற்பத்தெட்டு நாள். லாரியில் ஏறி வந்த யானைகள் ஷவரில் குளித்தன, நடைப்பயிற்சி போயின. எல்லாவற்றையும்விட முக்கியம், வருஷம் முழுக்கத் தனியாக நின்றவை இன்னொரு யானையைத் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தன. 'யானைக்கு டூர் ஒரு கேடா' என்று அப்போது கார்ட்டூன் போட்டுச் சிரித்தார்கள், நானும் சிரித்திருக்கிறேன். இன்று யோசித்தால் டூர் தப்பில்லை. நாற்பத்தெட்டு போக மிச்சம் முந்நூற்றுப் பதினேழு நாள் இருக்கிறதே, அதுதான் விஷயம். திருவானைக்காவல் அகிலாவுக்குக் கோயில் தோப்பிலேயே நீச்சல் குளமும் சேற்றுக் குளியலும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது சேற்றில் புரளுகிற வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாட்டியம் என்றால் அதுதான்.

ஜூக்களில் யானையே வேண்டாம் என்று மத்திய மிருகக் காட்சிசாலை ஆணையம் 2009-லேயே சொல்லிவிட்டது. காரணம் எளிது. எத்தனை பூசணிக்காயை ஒளித்து வைத்தாலும் சில மிருகங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. 2003-ல் கிளப், மேசன் என்ற இரண்டு பெண்மணிகள் 'நேச்சர்' பத்திரிகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காட்டில் எந்த மாமிச பட்சிணி அதிக தூரம் அலைகிறதோ, கூண்டில் அதுதான் அதிகம் நடக்கிறது, அதன் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன. பனிக்கரடிக்கு ஜூ கொடுக்கிற இடம், அது காட்டில் அலையும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது என்ரிச்மென்ட் என்பது சர்வரோக நிவாரணி இல்லை. சிலவற்றுக்கு மருந்து, சிலவற்றுக்கு வெறும் ஒத்தடம்.

இன்னொரு சங்கடம், பொம்மை பழகிவிடும். திங்கட்கிழமை போட்ட ரப்பர் டயர் வியாழக்கிழமைக்குள் சலித்துவிடும். தினம் ஒரு இடத்தில் ஒளிக்க வேண்டும், தினம் புதுசாக யோசிக்க வேண்டும். கூண்டைக் கூட்டிப் பெருக்கித் தீனி போடுகிற ஊழியருக்கு யார் இந்த நேரத்தைக் கொடுப்பது? அதோடு, தழும்பு மாதிரி, ரொம்ப நாள் ஊறிப்போன ஆட்டம் லேசில் போகாது. பழைய கூண்டிலிருந்து விசாலமான இடத்துக்கு மாற்றிய பிறகும் பழைய கூண்டின் நீளத்துக்கே நடந்து, இல்லாத சுவருக்கு முன்னால் திரும்புகிற மிருகங்கள் உண்டு.

"அப்போ கிளி ஜோசியக்காரன் கிளி?" என்றாள் அக்கா திடீரென்று. "அதுக்குத்தான் வேலை இருக்கே. வெளிய வருது, சீட்டு எடுக்குது, ஒரு நெல்லு வாங்கிக்குது, உள்ள போகுது."

சரியான போடு. (நெல் போகட்டும், நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது ஜோசியருக்கும் தெரியாது, கிளியும் சீட்டில் எடுத்துக் காட்டுவதில்லை.) அந்தக் கிளிக்கு இருப்பது வேலை இல்லை, டூட்டி. எப்போது வெளியே வரலாம், எந்தப் பக்கம் போகலாம், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா, இதில் எதுவும் அதன் கையில் இல்லை. ஆகாய கங்கைக் குரங்கு பட்டையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று போட்டதே, அந்த ஒரு 'வேண்டாம்'தான் வித்தியாசம். நல்ல ஜூக்களில் இப்போது மிருகத்துக்குத் திரும்பிப் போய் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் கட்டாயம் வைக்கிறார்கள். ஐம்பது ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் 'புலியையே காணோம்' என்று கத்துவார்கள். கத்தட்டும்.

"அப்படின்னா நேத்து அந்தக் குரங்கு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

ஆமாம். கூண்டில் இருப்பவற்றுக்கு மூளையைக் கசக்கி வேலை தேடிக் கொடுக்கிறோம். மலையில் சுதந்திரமாக, கை நிறைய வேலையோடு இருந்தவற்றை ஒரு பத்து ரூபாய் பாக்கெட்டைக் காட்டி வி.ஆர்.எஸ். கொடுத்துச் சுவரில் உட்கார வைத்துவிட்டோம்.

அந்த நேரம் கீழே லாட்ஜ்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். 'உம்ம்ம்' என்று ஒரு உறுமல். அவ்வளவுதான், தண்ணீர் ஏறவில்லை.

மாமா ஐந்தாவது அடியில் நின்றார். எட்டு மாதத்தில் அவர் பாதியில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மோட்டார் உறுமுது, சுத்தல" என்றார், யாரிடமும் இல்லாமல். "அணைக்கச் சொல்லு. காயில் எரிஞ்சுடும்."

இறங்கிப் போனார். நான் டார்ச் பிடித்தேன். லாட்ஜ்காரர், "காலையில சோளக்காட்டுல இருந்து ஆள் வருமுங்க, நீங்க எதுக்குங்க ஐயா..." என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார். மாமா முதலில் கன்டென்சர் மேல் சந்தேகப்பட்டார். அது சரியாக இருந்தது. பிறகு பம்பைப் பிரித்தார். நட்டுகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தார். துரு பிடித்த ஒன்று வரவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டி... எனக்குக் கை விறைத்துவிட்டது. அவருக்கு நெற்றியில் வியர்வை. உள்ளே விசிறியில் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு கூழாங்கல், சுண்டைக்காய் சைஸ். விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு மணிக்குத் தண்ணீர் ஏறியது.

லாட்ஜ்காரர் வீட்டம்மா கொண்டுவந்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தவர், காலை ஏழரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கூழாங்கல் சட்டைப் பையில் இருந்தது.

இறங்கும்போது அதே வளைவு, அதே சுவர், அதே இருபது பேர். அக்கா தானாகவே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். ஒரு குரங்கு ஜன்னலில் கையை வைத்து உள்ளே பார்த்தது. அக்கா அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

நேற்று போன் வந்தது.

"இன்னிக்குப் பேப்பரை அரிசி டிரம்முக்குள்ள வெச்சிட்டேன்டா."

"அடிப்பாவி! எவ்வளவு நேரம் தேடினார்?"

"நாப்பது நிமிஷம். நடுவுல மிக்ஸி ஜாடிக்கு வாஷர் போட்டார், ஆடிக்கிட்டிருந்த பீரோ கதவைச் சரி பண்ணார். கடைசில பேப்பர் கெடச்சதும், 'போய் இத அங்க வெச்சிருக்கியே'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாரு..."

"நாளைக்கு எங்கே வைக்கப்போறே?"

"அதை உங்கிட்ட சொல்ல மாட்டேன். நீ அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவே."